கிணற்று நீர் மஞ்சளாகிறது, எந்தப் பரிசோதனை கேட்பது?

நண்பர்களே, ஓர் உதவி. வீட்டுக்குப் பின்னால் முலாம் பூசும் பட்டறை ஒன்று இருக்கிறது. சில மாதங்களாகக் கிணற்று நீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால் லேசான எலுமிச்சை மஞ்சள். வாடையே இல்லை. டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்துள்ளவற்றின் மொத்த அளவைக் காட்டும் கருவி) சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் எந்த உலோகம் கலந்திருக்கிறது என்று அது சொல்லாதே!

எனக்கு ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (முலாம் பூசுவதில் பயன்படும், நச்சுத்தன்மை கொண்ட குரோமிய வகை) மீதுதான் சந்தேகம். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கொதிக்க வைத்தாலும் போகாது, வற்ற வற்றச் செறிவு கூடும். குடிப்பதை நிறுத்திவிட்டோம்.

ஆய்வகத்தில் மொத்தக் குரோமியம் மட்டும் பார்த்தால் போதுமா, ஹெக்ஸாவேலன்டைத் தனியாகக் கேட்க வேண்டுமா? நிக்கல், சயனைடு? அப்புறம், மாதிரியை எந்தப் பாட்டிலில் பிடிப்பது, எவ்வளவு நேரத்துக்குள் கொடுப்பது? "துருவாக இருக்கும்" என்று பட்டறைக்காரர் சிரித்தே அனுப்பிவிட்டார். புகாருக்கு முன் அறிக்கை கையில் வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.