கொடிமலை கறுத்துவிட்டது

குழு: தண்ணீர்மலை வீடு

சனிக்கிழமை

மாலா, மதியம் 2.40
கொடிமலை கறுத்துவிட்டது. பினாங்கில், எங்கள் ஆயர் ஈத்தாமில் இன்னும் கால் மணியில் மழை. என் மகள் நிலாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நால்வரும் போர்ச்சில் ஆளுக்கொரு தட்டோடு நிற்கிறார்கள்.

கவிதா அக்கா, 2.43
தட்டு எதற்கு? மழையில் விடாதே, சளி பிடிக்கும்.

மாலா, 2.46
பிள்ளைகள் நனைய மாட்டார்கள் அக்கா, தட்டுதான் நனையும். தட்டில் கெட்டியான வெள்ளைத் தாள். அதன் மேல் கேசரிக்குப் போடும் கலர் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி இருக்கிறோம். மழையில் கொஞ்ச நேரம் நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். தூரிகை கிடையாது, மழைதான் வரையும்.

ரவி, 2.47
கலர் பொடி கையில் ஒட்டினால் மூன்று நாள் போகாது அக்கா.

மாலா, 2.48
பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிவிட்டேன். பழைய சட்டைதான் எல்லாருக்கும்.

மாலா, 3.21
முதல் தாள் போச்சு. இருபது எண்ணும் வரை நீட்டினோம். சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் ஒன்றாக ஓடிச் சேற்று நிறமாகிவிட்டது. நிலா அழுதுவிட்டாள்.

மாலா, 3.38
இரண்டாவது தாளுக்கு "முருகா முருகா முருகா" என்று மூன்று தடவை சொல்லும் நேரம் மட்டும். இதைப் பாருங்கள்.
[படம்]

மாலா, 3.41
கைப்பேசியில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு துளியும் ஒரு வட்டம். நடுவில் வெளிர், ஓரத்தில் அடர்ந்த கோடு. பெரிய துளி விழுந்த இடத்தில் வட்டத்தைச் சுற்றி மெல்லிய முள் முள்ளாகத் தெறித்திருக்கிறது. இடது மூலையில் சிவப்பு வட்டமும் மஞ்சள் வட்டமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டும் ஆரஞ்சு. ஐந்து பிள்ளைகளும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளைகள் இவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

அம்மா, 3.50
மழை புள்ளி வைக்கிறது. இழுக்கிற கோடுதான் பாக்கி.

அம்மா, 3.58
நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டு வாசலை அம்மா சாணம் தெளித்துப் பெருக்கி வைப்பார். முதல் மழை பெரிய துளியாகத்தான் விழும். புழுதியில் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குழி. நாங்கள் குழியை எண்ணுவோம். அப்பாவுக்கு அது பிடிக்காது. மழை வந்தால் பால் வெட்டு இல்லை, கோப்பையில் தண்ணீர் விழுந்து பால் எல்லாம் வழிந்து போய்விடும். அன்றைக்குச் சம்பளம் போச்சு. தகரக் கூரையில் சத்தம் கேட்டதும் படுத்தபடியே சொல்வார், இது நிற்கிற மழை, இது நிற்காத மழை என்று. சத்தத்திலேயே தெரியும் அவருக்கு.

மாலா, 4.02
அம்மா, இதை நீங்கள் எங்களுக்குச் சொன்னதே இல்லையே.

அம்மா, 4.03
நீங்கள் கேட்கவில்லை.

சேகர் மாமா, 4.15
தாத்தாவின் காதுக்கு ஆதாரம் இருக்கிறது மாலா. தூறல் துளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, மெதுவாக இறங்கும். இடிமழையின் பெரிய துளி 5 மில்லிமீட்டர் வரை இருக்கும், விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் வரும். மோட்டார் சைக்கிள் தாமான் குடியிருப்புக்குள் போகும் வேகம். தகரத்தில் இரண்டும் எப்படி ஒரே சத்தம் தரும்?

மாலா, 4.17
மாமா, இந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் துளியின் அளவு கிடைக்குமா? நிலா கேட்கிறாள். அவள் அளந்த ஒரு வட்டம் 14 மில்லிமீட்டர்.

சேகர் மாமா, 4.30
நல்ல கேள்வி. தாள் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும், அதனால் கறை துளியைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். 14 மில்லிமீட்டர் துளி வானத்திலிருந்து வரவே வராது. 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் காற்று அதை உடைத்துவிடும்.
ஆனால் நீங்கள் செய்தது பெரிய ஆட்கள் செய்த வேலை. 1890களில் யூலியுஸ் வீஸ்னர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஜாவாவுக்கு வந்தார். நமக்குப் பக்கத்துத் தீவு, நம் மாதிரியே மழை. சாயப்பொடி பூசிய தாளில் துளியை வாங்கி, கறையை வைத்து அளவு கணக்குப் போட்டார்.
துளியையே கையில் எடுக்க வேண்டுமானால் மாவு வேண்டும். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி. பனித்துகளை 1885இலேயே நுண்ணோக்கி வழியாகப் படம் எடுத்தவர். தட்டில் சலித்த மாவை ஓர் அங்குலம் நிரப்பிச் சில விநாடி மழையில் காட்டினார். ஒவ்வொரு துளியும் மாவில் உருண்டையாகிவிடும். உலர்ந்ததும் அளந்தார். 1904இல் அதை எழுதி வெளியிட்டார். வீட்டிலிருந்த மாவை வைத்தே செய்து முடித்துவிட்டார்.

மாலா, 4.33
கோல மாவு இருக்கிறது. மழையும் இன்னும் விடவில்லை. இப்போதே.

மாலா, 5.10
கோல மாவு சரிவரவில்லை மாமா. உருண்டை கிடைத்தது, விரலில் எடுத்ததும் உதிர்ந்தது. சப்பாத்தி மாவைச் சலித்துப் போட்டோம், அது நின்றது. மேல்மாவைச் சல்லடையில் தட்டினால் கீழே சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டி மணிகள். ஜவ்வரிசி மாதிரி.
[படம்]

சேகர் மாமா, 5.14
அரிசி மாவில் பசை இல்லை, கோதுமையில் இருக்கிறது. இதையும் பிள்ளைகளிடம் சொல். புட்டு மாவும் ரொட்டி மாவும் ஏன் வேறு வேறு என்று அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

கவிதா அக்கா, இரவு 9.05
எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். இங்கே கோலாலம்பூர் செந்தூலிலும் நல்ல மழை. ஆனால் என் மகன் யுவன் இதற்கெல்லாம் வரமாட்டான் மாலா. அவன் வரைவதையே விட்டுவிட்டான். போன வருடம் வகுப்பில் அவன் வரைந்த யானையைச் சுவரில் ஒட்டிப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கலர் பென்சில் பெட்டியைத் திறக்கவே இல்லை. விடுமுறை முழுக்கக் கைப்பேசிதான். படம், கலர் என்று பேச்செடுத்தாலே அறைக்குள் போய்விடுகிறான்.

மாலா, 9.11
அக்கா, எனக்கு இது தெரியாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமா?

மாலா, 9.16
அவனை வரையச் சொல்லாதே. படம் என்ற வார்த்தையே வேண்டாம். மாமாவுக்குச் செந்தூல் மழைத்துளியின் அளவு வேண்டும், அளந்து அனுப்பு என்று மட்டும் சொல். இதில் யாரும் யாருடையதையும் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்ல முடியாது. விழுந்தது விழுந்ததுதான்.

சேகர் மாமா, 9.20
எனக்கு உண்மையிலேயே வேண்டும் கவிதா. என் பெயரைச் சொல்லிக் கேள்.
ஒரே ஒரு கண்டிப்பு. இடி கேட்டால் யாரும் வெளியே போகக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான். ஏழாம் மாடிப் பால்கனியிலிருந்து தட்டை நீட்டவே கூடாது, கீழே இறங்கிப் போங்கள். கூரையில் வழியும் தண்ணீர் வேண்டாம், அதில் புழுதியும் பறவை எச்சமும் இருக்கும். நேராக வானத்திலிருந்து விழுவதுதான் வேண்டும்.

ரவி, 9.24
வாளியில் பிடித்த மிச்சத் தண்ணீரை அப்படியே வைக்காதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் போதும். எங்கள் தாமானில் போன மாதம் இரண்டு வீட்டில் டிங்கி. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசு முட்டையிட இடம் கொடுத்தால் அபராதமும் உண்டு.

மாலா, 9.26
நாளைக்குள் செடிக்கு ஊற்றிவிடுகிறோம் தம்பி. வாளியைக் கவிழ்த்து வைப்பது நிலாவின் வேலை.

ஞாயிற்றுக்கிழமை

அம்மா, காலை 8.10
எல்லாரும் பசியாறியாச்சா? மாலா, வேலியில் சங்குப்பூ நிறையப் பூத்திருக்கிறது. அதை நேற்றுப் பிடித்த மழைத்தண்ணீரில் போட்டால் நீலச் சாயம் வரும். கடைக் கலர் எதற்கு?

மாலா, 10.45
அம்மா சொன்னபடி செய்தோம். நோன்யா சீனப் பலகாரத்துக்கும் நாசி கெராபு சோற்றுக்கும் போடுகிற அதே நீலம். மிச்சத் தண்ணீரும் இதிலேயே தீர்ந்தது. தாள் முழுக்க நீலத்தைப் பூசிவிட்டு ஒரு சொட்டு எலுமிச்சை விட்டதும் அந்த இடம் ஊதாவாகிப் பிறகு ரோஸ் ஆனது. சோடா உப்புத் தண்ணீர் விட்ட இடம் பச்சை. ஒரே பூவில் மூன்று நிறம். பக்கத்து வீட்டுப் பெரிய பையன், "ஆன்ட்டி, மழையிலும் கொஞ்சம் எலுமிச்சை இருக்கிறதா?" என்று கேட்டான்.

சேகர் மாமா, 10.58
கெட்டிக்காரன். எலுமிச்சை இல்லை, ஆனால் கொஞ்சம் புளிப்பு உண்டு. காற்றிலுள்ள கரியமிலவாயு துளியில் கரையும், அதனால் சுத்தமான மழையே பிஎச் 5.6 அளவு அமிலத்தன்மையோடுதான் விழும் (7க்குக் கீழே போனால் புளிப்பு). நாக்குக்கும் தெரியாது, பூவுக்கும் தெரியாது.

அம்மா, 11.05
ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு போட்டதும் சிவப்பாகிறதே, அதுவும் இதே கதைதானா சேகர்?

சேகர் மாமா, 11.07
அதேதான் அக்கா. பூ புளிப்பையும் அதற்கு எதிரான காரத்தையும் காட்டும், மஞ்சள் காரத்தை மட்டும் காட்டும். சுண்ணாம்பு காரம்.

அம்மா, 11.09
அறுபது வருடமாகக் கரைக்கிறேன்.

மாலா, 11.12
அடுத்தது மஞ்சள்தான். தாளில் மஞ்சள் பூசிக் காயவைத்துவிட்டேன். சுண்ணாம்பு பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது, அதை மட்டும் நானே தொட்டு வைக்கிறேன்.

கவிதா அக்கா, மாலை 5.32
இறங்கினான்.

கவிதா அக்கா, 5.33
மாமா கேட்கிறார் என்றதும், "எத்தனை துளி வேண்டும்?" என்று மட்டும் கேட்டான். இடி நின்று அரை மணி கழித்துக் கீழே போனோம். மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருந்தது. காவலாளி அண்ணன் குடை பிடித்தார். தட்டை நீட்டியதும் யுவனே எண்ணினான், ஒன்று, இரண்டு, மூன்று.

கவிதா அக்கா, இரவு 8.47
53 மணிகள். சாப்பாட்டு மேசை முழுக்க மாவு. ஒவ்வொன்றையும் ஊசி முனையால் நகர்த்தி ஸ்கேல் பக்கத்தில் வைக்கிறான். சின்னது 1 மில்லிமீட்டர், பெரியது 4. அளவு வாரியாக வரிசை வைத்துக் கறுப்பு அட்டையில் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு மணி உடைந்துவிட்டது, 52 என்று திருத்தி எழுதினான். கைப்பேசி சோபாவில் கிடக்கிறது மாலா.
[படம்]

மாலா, 8.49
அக்கா, இந்த அட்டையை எறிந்துவிடாதே. பெரிய மணிகள் குறைவு, சின்னது நிறைய, பார்த்தாயா? வானத்தில் நட்சத்திரம் போட்ட மாதிரி இருக்கிறது.

சேகர் மாமா, 8.55
யுவனிடம் போனைக் கொடு கவிதா. அவனுக்கு இது: மேகத்துக்குள் துளிகள் மோதி மோதி ஒன்று சேரும். அதிக நேரம் சுற்றியது பெரிதாகும். ஆனால் பெரிய துளி கண்ணீர்த்துளி மாதிரி மேலே கூராக இருக்காது. கீழேயிருந்து காற்று தள்ளுவதால் அடி தட்டையாகிவிடும். பிலிப் லேனார்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி துளியை மேல்நோக்கி வீசும் காற்றில் மிதக்கவிட்டுப் பார்த்தார். அதுவும் 1904தான். இரண்டு மில்லிமீட்டருக்கு மேலான துளி பார்க்க இட்லி மாதிரி இருக்கும்.

கவிதா அக்கா, 8.57
படித்துவிட்டு, "மாமாத் தாத்தா பொய் சொல்கிறார், புத்தகத்தில் கூராகத்தான் இருக்கிறது" என்கிறான்.

சேகர் மாமா, 8.58
சண்டை போடட்டும். காரணம் கேள்.

கவிதா அக்கா, 9.40
மாமா, மாலா, நான் கதவோரம் நின்று எழுதுகிறேன். அவனைக் கூப்பிடவில்லை. கலர் பென்சில் பெட்டியைத் திறந்திருக்கிறான்.

கவிதா அக்கா, 9.58
[படம்]
பெரிய இட்லி. அடியில் நீல அம்பு ஏழு, எல்லாம் மேல்நோக்கி. பக்கத்தில் "காற்று" என்று எழுதியிருக்கிறான். அதற்கு மேலே ஒரு சின்ன உருண்டை, அதன் பக்கத்தில் "இது 1 மி.மீ., இது உருண்டைதான்". ஓரத்தில் புத்தகத்துத் துளியைப் போட்டு அதன் மேல் பெருக்கல் குறி. கூராக இருந்தால் காற்று அதை மடக்கிவிடுமாம், அதனால்தான் மாமாத் தாத்தா சொல்வது சரியாம். எனக்குச் சொல்லிக் காட்டத்தான் வரைந்தானாம்.

அம்மா, 10.00
என் தங்கம்.

மாலா, 10.01
அக்கா, எனக்குக் கண் கலங்குகிறது.

சேகர் மாமா, 10.03
அந்த அம்புகள் சரியான இடத்தில் இருக்கின்றன. அவனிடம் இதை மட்டும் சொல், வேறு எதுவும் சொல்லாதே.

கவிதா அக்கா, 10.12
சொன்னேன். தலையாட்டினான். அப்புறம் ஒரு கேள்வி: பினாங்கு மழையும் கோலாலம்பூர் மழையும் ஒரே அளவா? நிலாவின் மணிகளை அளந்தாயா மாலா? அவனுக்கு வேண்டுமாம். மூன்று விநாடிதான் நீட்டியிருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கணக்கில் சேர்க்க மாட்டானாம்.

மாலா, 10.15
நேற்று முருகா கணக்கில் நீட்டினோம், அது செல்லாது. நாளைக்கு மறுபடியும் பிடிக்கிறோம். கொடிமலைப் பக்கம் இப்போது நட்சத்திரம் தெரிகிறது, மதியத்துக்கு மேல்தான் பார்க்க வேண்டும். சப்பாத்தி மாவைச் சலித்து மூடி வைத்துவிட்டேன் என்று சொல்.