மாமாங்கத்து வெள்ளைத் தூள் ஹண்டைட்தானா?

கரட்டுக்கல்: சேலம் மாமாங்கம் பக்கம் கைவிட்ட குழிக்கு வெளியே கிடக்கும் கல் குவியலில் எலுமிச்சை அளவில் ஒரு வெள்ளை உருண்டை கிடைத்தது. நகம் பட்டாலே மாவாக உதிர்கிறது, நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் பொங்கியது. நம் ஊர் வெள்ளைக்கல், அதாவது மெக்னீசியம் கார்பனேட்டான மேக்னசைட், கத்திக்குத்தான் கீறல் விழும். குளிர்ந்த அமிலத்தில் சட்டென்று பொங்காது. இது ஹண்டைட் என்கிறேன். மூன்று மெக்னீசியத்துக்கு ஒரு கால்சியம் கொண்ட அரிய கார்பனேட். மோஸ் அளவுகோலில் கடினம் 1 முதல் 2 வரைதான். 1953-இல் நெவாடா மாதிரியிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

அடிவாரம்: தம்பி, நீங்கள் சொன்ன அத்தனையும் பொடிச் சுக்கானுக்கும் பொருந்தும். பாறை வெடிப்பில் மழைநீர் கொண்டுவந்து படியவிட்ட கால்சைட்டும், அதாவது கால்சியம் கார்பனேட்டும், மென்மையாக இருக்கும், அமிலம் பட்டதும் பொங்கும்.

கரட்டுக்கல்: இடத்தையும் பாருங்கள் அண்ணா. சேர்வராயன் அடிவாரத்தில் இருப்பது டியூனைட் பாறை. அதிலுள்ள ஆலிவின் என்ற மெக்னீசியக் கனிமம் கரியமில வாயு கலந்த நீரால் மாறித்தான் வலைபோல் மேக்னசைட் நரம்புகள் ஓடுகின்றன. அங்கே ஊறும் நீரில் மெக்னீசியத்துக்குப் பஞ்சமில்லை. சாதாரண வெப்பநிலையில் மெக்னீசிய அயனியை நீர் மூலக்கூறுகள் இறுகப் பிடித்துக்கொள்வதால் மேக்னசைட் எளிதில் படியாது. மேற்பரப்புக்கு அருகே அந்த நீரில் கொஞ்சம் கால்சியமும் சேர்ந்தால் ஹண்டைட் படிய வழி இருக்கிறது. கிரேக்கத்தின் கொசானி படுகையில் வெட்டியெடுக்கும் அளவுக்கே கிடைக்கிறது. சூட்டில் கரியமில வாயுவை வெளிவிடும் என்பதால் தீத்தடுப்பு நிரப்பியாகப் பயன்படுகிறது. பண்டைய எகிப்தியர் வெள்ளை நிறமாகவே தீட்டினார்கள். நாமோ கழிவு என்று கொட்டியிருக்கிறோம்.

அடிவாரம்: உருவாக வாய்ப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. உங்கள் கையில் இருப்பது அதுதானா என்பதுதான் கேள்வி.

வேதியியல்_வாத்தியார்: எடை போட்டுப் பார்க்கலாமே. காய வைத்து 1000 டிகிரியில் சுட்டால் கால்சைட் 44 சதவீதம் எடை இழக்கும், மேக்னசைட் 52, ஹண்டைட் ஏறக்குறைய 50. நல்ல உலை இருந்தால் போதும்.

அடிவாரம்: போதாது சார். மேக்னசைட் மூன்று பங்கு, கால்சைட் ஒரு பங்கு என்று மூலக்கூறு எண்ணிக்கையில் கலந்தால் இயைபு அச்சு அசல் ஹண்டைட்தான். எடையிழப்பும் அதே 50. வெள்ளைக்கல் குவியலில் இப்படி ஒரு கலவை வருவது ஒன்றும் அதிசயமில்லை.

கரட்டுக்கல்: கலவை என்றால் குளிர்ந்த அமிலத்தில் மேக்னசைட் மட்டும் அடியில் மிஞ்ச வேண்டும். எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அடிவாரம்: எவ்வளவு நேரம் விட்டு வைத்தீர்கள்? நம் மேக்னசைட்டின் துகள் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணியது. மாவாக இருந்தால் மெல்ல மெல்லக் கரைந்துவிடும். எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல், அதாவது கதிரைப் பாய்ச்சிப் படிகத்தின் அணு அடுக்குகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அளக்கும் சோதனை, ஒன்றுதான் வழி. ஹண்டைட்டின் வலுவான கோடு 2.83 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் வரும். மேக்னசைட்டுக்கு 2.74, கால்சைட்டுக்கு 3.03. கலவையாக இருந்தால் கடைசி இரண்டும் தனித்தனியாகத் தெரியும். அதுவரை சீட்டில் ‘வெள்ளைத் தூள், மாமாங்கம்’ என்று மட்டும் எழுதி வையுங்கள்.

கரட்டுக்கல்: பாதியைச் சோதனைக்குக் கொடுக்கிறேன், மீதியை உடைக்காமல் வைத்திருக்கிறேன். ஆனால் சீட்டில் ‘ஹண்டைட்?’ என்று கேள்விக்குறி போட்டுத்தான் எழுதுவேன். வெறும் தூள் என்று எழுதினால் நாளைக்கு யாரும் அதைச் சீண்டமாட்டார்கள்.