வீட்ல போடுற ஐஸ்கிரீம் கல்லு மாதிரி ஆகுது, யாராவது சொல்லுங்களேன்

கோடைக்கிளி:
ஹாய் எல்லாருக்கும். லீவ் விட்டாச்சு, வீட்ல ரெண்டு வாண்டுங்களும் எந்திரிச்சதுல இருந்து ஐஸ்கிரீம் ஐஸ்கிரீம்னு ஒரே நச்சரிப்பு, சரி வாங்கறத விட வீட்லயே போட்டுடலாம்னு இறங்கினேன். ஐஸ்கிரீம் மெஷின்லாம் கிடையாது, பீட்டரும் மிக்ஸியும் தான். அரை லிட்டர் பால் காய்ச்சி ஆற வச்சு, 200 மில்லி ஃப்ரெஷ் கிரீம், 4 டேபிள்ஸ்பூன் சக்கரை, வெனிலா எசென்ஸ் எல்லாம் போட்டு மிக்ஸில நல்லா அடிச்சு ஃப்ரீசர்ல வச்சேன். மறுநாள் பாத்தா மேல மட்டும் கொஞ்சம் நுரையா இருக்கு, கீழ முழுக்க ஐஸ்கட்டி, ஸ்பூன் வளையுது. கிரீம தனியா பீட்டர்ல அடிச்சாலும் கெட்டியாகவே மாட்டேங்குது, தண்ணியாவே நிக்குது. சக்கரையை ஏத்தாம எப்படி சாஃப்டா கொண்டு வர்றது? அடுப்பு பக்கமே போகாம பசங்களே செய்ற மாதிரி எதாவது இருந்தாலும் சொல்லுங்க.

கரண்டி ராஜா:
உங்க அளவுலயே விஷயம் இருக்குங்க. பால்ல 87 சதவீதம் தண்ணி. அது உறையும்போது ஐஸ் துகளாத்தான் மாறும், அத யாராலயும் தடுக்க முடியாது, நாம செய்ய முடிஞ்சதெல்லாம் அந்தத் துகள் பெருசா வளராம பாத்துக்கறது தான். சுமார் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தாண்டிட்டா நாக்குல நறநறன்னு தெரிய ஆரம்பிச்சிடும்.

அடுத்து சக்கரை. இத இனிப்புக்கு மட்டும் போடறோம்னு நினைக்காதீங்க. சக்கரை கரைஞ்ச தண்ணி 0 டிகிரில உறையாது, இன்னும் கீழ போகணும், ஃப்ரீசர்ல மைனஸ் 18லயும் ஒரு பகுதி பாகாவே நிக்கும், அதனால தான் ஸ்பூன் உள்ள இறங்குது. நீங்க போட்ட 4 டேபிள்ஸ்பூன் ஒரு 50 கிராம் வரும், மொத்தக் கலவை 750 கிராம் கிட்ட, அப்போ சுமாரா 7 சதவீதம் தான் ஆச்சு. நல்ல ஐஸ்கிரீம்ல 14ல இருந்து 18 வரைக்கும் இருக்கும். உறையறதுக்கு முன்னாடி ருசி பாத்தா கொஞ்சம் ஓவர் இனிப்பா இருக்கணும், சில்லுனு ஆனதும் நாக்குக்கு இனிப்பு கம்மியாத்தான் தெரியும்.

பால பாதியா சுண்டக் காய்ச்சுங்க, இல்லன்னா ரெண்டு ஸ்பூன் பால் பவுடர் போடுங்க, தண்ணி பங்கு தானா குறையும். பவுடர அள்ளிக் கொட்டிடாதீங்க, மணல் மாதிரி வாய்ல ஒட்டும்.

நுரைப்பைத்தியம்:
கிரீம் ஏன் கெட்டியாகலன்னு யாரும் சொல்லலையே. சின்ன டப்பால வர்ற ஃப்ரெஷ் கிரீம்ல கொழுப்பு பெரும்பாலும் 25 சதவீதம் தான், அது கிரேவிக்கு ஊத்தத் தான் லாயக்கு, விடிய விடிய அடிச்சாலும் எழும்பாது. கொழுப்பு 30க்கு மேல வேணும், 35 இருந்தா கவலையே இல்ல. விப்பிங் கிரீம்னு போட்டிருக்கறத எடுத்து பின்னாடி கொழுப்பு எவ்வளவுன்னு படிச்சுட்டு வாங்குங்க. சில பேக்கட்ல பால் கொழுப்பே இருக்காது, வனஸ்பதி வகை தான், அது சூப்பரா எழும்பும் ஆனா சாப்பிட்டதும் அண்ணத்துல ஒரு கொழகொழப்பு படிஞ்சு நிக்கும், எனக்கு ஆகவே ஆகாது.

மெஷின் இல்லாதவங்களுக்கு என் ஓட்டு கண்டென்ஸ்டு மில்க்குக்கு தான். ஒரு டின் 400 கிராம், விப்பிங் கிரீம் 500 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு, வெனிலா. கிண்ணம், பீட்டர் பிளேடு, கிரீம் எல்லாத்தையும் முதல்ல ஃப்ரிட்ஜ்ல ஜில்லுனு வச்சு எடுத்து அடிங்க, பிளேட தூக்கினா நுனி லேசா மடங்கி நிக்கணும், அங்கயே நிறுத்திடுங்க, இன்னும் அடிச்சா வெண்ணெய் திரண்டு வந்துடும். அப்புறம் கண்டென்ஸ்டு மில்க்க ஊத்தி கரண்டியால மெதுவா கீழ இருந்து மேல மடிச்சு கலக்கணும், திரும்ப பீட்டர் போட்டா உள்ள இருக்கற காத்து பூரா போயிடும். மெஷின் சுத்திச் சுத்தி ஏத்துற காத்த தான் நாம இப்படி முன்கூட்டியே ஏத்திடறோம். நடுவுல எடுத்து கிளறுற வேலை கிடையாது, 6 மணி நேரம் விட்டா ரெடி.

ராத்திரி டீ:
கண்டென்ஸ்டு மில்க் ஈஸி தான், ஆனா எந்த ஃப்ளேவர் போட்டாலும் கடைசில கண்டென்ஸ்டு மில்க் ருசி தான் முன்னாடி வந்து நிக்குது, பழம் போட்டாலும் அதே. எனக்கு சோளமாவு கஸ்டர்ட் தான் புடிக்கும். அரை லிட்டர் பால், 120 கிராம் சக்கரை, 2 டேபிள்ஸ்பூன் பால் பவுடர், ஒன்றரை டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார், இத கட்டியில்லாம கரைச்சு சிம்ல கிளறிட்டே இருங்க, கெட்டியாகி கொதி வந்ததும் இறக்கிடலாம். ஆறினதும் அந்த 200 மில்லி கிரீம அப்படியே ஊத்துங்க, அடிக்கவே வேணாம். மாவு தண்ணிய இழுத்து வச்சுக்கறதால துகள் பெருசாகாது. முட்டை சேக்குறவங்க மாவுக்கு பதிலா 4 மஞ்சள் கரு போடலாம், ஆனா 82 டிகிரி கிட்ட இறக்கிடணும், 85 தாண்டினா முட்டைப் பொரியல் தான். தெர்மாமீட்டர் இல்லன்னா கரண்டி பின்பக்கம் பூசி விரலால ஒரு கோடு இழுங்க, கோடு மூடாம நின்னா சரி.

முக்கியமா, கலவைய ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு அப்புறம் தான் ஃப்ரீசருக்கு கொண்டு போகணும். சூடா வச்சா மெதுவா உறையும், மெதுவா உறைஞ்சா துகள் பெருசாகும். அதுக்கப்புறம் 40 நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து சுரண்டி அடிங்க, மூணு நாலு தடவை. அவ்வளவு பொறுமை இல்லன்னா ஐஸ் ட்ரேல ஊத்தி உறைய வச்சு அந்தக் கட்டிகள மிக்ஸில ஒரு சுத்து சுத்தி திரும்ப வைங்க. நான் இப்பல்லாம் இதத் தான் செய்றேன், வேற எதுக்கும் பொறுமை இல்ல 😄

கோடைக்கிளி:
அடேயப்பா இவ்வளவு இருக்கா, தேங்க்ஸ் எல்லாருக்கும். ஆனா சக்கரை கம்மியா போடலாம்னு தானே வீட்ல செய்யவே ஆரம்பிச்சேன், நீங்க டபுள் பண்ணச் சொல்றீங்களே. ஸ்டீவியா, அதான் இலைல இருந்து எடுக்கற சக்கரையில்லாத இனிப்பு, அது மாதிரி போட்டா ஆகாதா?

கரண்டி ராஜா:
ஸ்டீவியா இனிப்பு தரும், ஆனா போடுற அளவு ரொம்பக் கொஞ்சம், அது உறைநிலைய ஒண்ணும் இறக்காது, திரும்ப அதே கல்லு தான். சக்கரைல கால் பங்க எடுத்துட்டு அதுக்கு பதிலா தேன் ஊத்துங்க, எடைக்கு எடை சக்கரைய விட தேன் தான் சாஃப்ட்டா வச்சிருக்கும், அதனால மொத்த அளவ கொஞ்சம் குறைக்கலாம். ஒரு வயசுக்கு கீழ குழந்தை இருந்தா மட்டும் தேன் கூடாது. மத்தபடி சக்கரை போட்டதையே சின்ன கப்புல குடுங்க, அவ்வளவு தான்.

வாழைத்தண்டு:
சக்கரையே வேணாம்னா நல்லா பழுத்து தோல்ல கரும்புள்ளி விழுந்த வாழைப்பழத்த வில்லையா நறுக்கி உறைய வச்சு மிக்ஸில விட்டு விட்டு அடிங்க. முதல்ல உதிரியா வரும், பயந்துடாதீங்க, ஓரத்த தள்ளி விட்டு அடிச்சா திடீர்னு கிரீமா சேரும். கோகோ பவுடர் ஒரு ஸ்பூன் போட்டா பசங்க கேள்வியே கேக்க மாட்டாங்க.

பசங்களே செய்யணும்னா ஜிப் கவர் ஐஸ்கிரீம். சின்ன கவர்ல பால், கிரீம், சக்கரை போட்டு இறுக்கி மூடி, பெரிய கவர்ல மூணு பங்கு ஐஸ் ஒரு பங்கு கல்லுப்புக்கு நடுவுல வச்சு 10, 15 நிமிஷம் குலுக்கணும். உப்பு பட்டா ஐஸ் உருகும், உருகறதுக்கு வேணுங்கற சூட்ட பால்ல இருந்து உறிஞ்சிக்கும், சரியான அளவுல மைனஸ் 21 வரைக்கும் கூட இறங்கும். வெறுங்கையால புடிச்சா கை எரியும், துண்டு சுத்திக் குடுங்க. அந்தக் கால கைப்பிடி மெஷினும் இதே உப்பு ஐஸ் தான், அமெரிக்கால 1843லயே பேட்டன்ட் வாங்கிட்டாங்க.

இன்னொன்னு, ஜெல்லி போடுறதா இருந்தா பச்சை அன்னாசிய ஜெலட்டின்ல போடாதீங்க, அதுல இருக்கற என்சைம் ஜெலட்டின அறுத்துடும், செட்டே ஆகாது. பால்லயும் கிரீம்லயும் போட்டா கசக்கும். கொதிக்க வச்சு ஆற வச்சுட்டா பிரச்சனை இல்ல. கடல்பாசி போடுறவங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, பச்சையாவே போடலாம்.

நுரைப்பைத்தியம்:
எல்லாரும் ஒண்ண விட்டுட்டீங்க, டப்பால ஊத்தினதும் மேல கிளிங் ஃபிலிம ஐஸ்கிரீம் மேலயே படுற மாதிரி ஒட்டி மூடணும், இல்லன்னா மேல பனி பூத்துடும். கதவு பக்கம் வைக்காம உள்ள தள்ளி வைங்க. பக்கத்துல மீன் கீன் இருந்தா அதுக்கும் ஒரு டைட் மூடி போடுங்க, கிரீம் எல்லா வாசத்தையும் இழுத்துக்கும்.

கோடைக்கிளி:
மீன் இருக்கு 🙈 இப்பவே எடுத்து வேற தட்டுக்கு மாத்திட்டேன். இன்னிக்கு கார்ன்ஃப்ளார் காய்ச்சி வைக்கறேன், பசங்களுக்கு நாளைக்கு வரைக்கும் ஜிப் கவர்.