பக்கத்து வீட்டுப் பெண் அடி வாங்குகிறாள், நான் தலையிடலாமா?

பரிமளா, அண்டாப்ஹில்:
நாங்கள் இருப்பது மும்பையில் ஒரு பழைய கட்டடம். அடுத்த வீட்டுக் குக்கர் விசில்கூட எங்கள் அடுப்பில் அடிப்பதுபோல் கேட்கும். அந்த வீட்டு மருமகள் தென்காசிப் பக்கத்துப் பெண். இந்தி அரைகுறை, மராத்தி சுத்தமாக வராது. புருஷன் அடிக்கிறான். போன வாரம் அவள் முன்கை வீங்கியிருந்தது. கேட்டதற்கு, "குளியலறையில் வழுக்கிவிட்டது அக்கா" என்றாள். பிறகு மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். போலீஸ் மட்டும் வேண்டாமாம், ஊரில் தங்கைக்கு வரன் பார்க்கிறார்களாம். என் வீட்டுக்காரரோ, "நமக்கு எதற்கு வம்பு? நம் மீதே கேஸ் போடுவான்" என்கிறார். நான் என்ன செய்வது?

சங்கர், தானே:
புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவே போனவர்தான் கடைசியில் கெட்டவர். பெண்ணைக் கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள்.

ராஜேஸ்வரி, சயான்:
சங்கர் அவர்களே, 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கணவனின் வன்முறைக்கு ஆளான பெண்கள் மகாராஷ்டிரத்தில் சுமார் 25 சதவீதம், தமிழ்நாட்டில் 38. பெரியவர்கள் பேசித் தீர்க்கும் ஊரின் லட்சணம் அது.

பரிமளா, நான் ஓய்வுபெற்ற செவிலி. வழுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளங்கையை ஊன்றுவார்கள், முட்டியில் சிராய்ப்பு இருக்கும். முகத்தை மறைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் முன்கையின் வெளிப்பக்கம் கன்றிப்போகும். அடிபடும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் யாரிடமும் வாய் திறப்பதில்லை. இவள் உங்களிடம் திறந்திருக்கிறாள், விட்டுவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரரின் பயத்துக்குப் பதில் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலரிடம் (இந்தச் சட்டத்தின்படி அரசு நியமிக்கும் அதிகாரி) தகவல் சொல்கிறவர் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது 4ஆம் பிரிவு. ஆனால் அவளைக் கேட்காமல் சொல்லாதீர்கள். அவனிடம் நேரே போய்ச் சண்டையும் போடாதீர்கள். அடுத்த நாளே அவள் உங்கள் வீட்டுப் படியேற முடியாமல் போகும்.

முதலில் மருத்துவமனை. கையைக் காட்டப் போகிறேன் என்றால் மாமியாருக்குச் சந்தேகம் வராது. பாந்திரா பாபா மருத்துவமனையில் 'திலாசா' என்றொரு பிரிவு உண்டு, பிறகு வேறு சில மாநகராட்சி மருத்துவமனைகளிலும் தொடங்கினார்கள். சிகிச்சையோடு ஆலோசகரும் உட்கார்ந்து பேசுவார். மருத்துவர் எம்.எல்.சி. (சட்டத் தேவைக்கான காயப் பதிவு) எழுதினால் போலீசுக்குத் தகவல் போகும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவள் அப்போது சொல்லலாம். இதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போய் மிரளக் கூடாது. அந்தச் சீட்டு நாளைக்குச் சாட்சி. ஆதார், பாஸ்புக், கல்யாணப் பதிவுச் சான்று ஆகியவற்றின் நகல் உங்களிடம் இருக்கட்டும். அடி விழும் நேரத்தில் அவசர எண் 112, மற்ற நேரத்தில் பெண்கள் உதவி எண் 181.

வக்கீல் தம்பி, மாட்டுங்கா:
ராஜேஸ்வரி அம்மா சொன்னதோடு இன்னும் சில விஷயம். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அவளை நினைத்தபடி வெளியே தள்ள முடியாது, 2020இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஊருக்குப் போய்விட்டாலும் இந்தச் சட்டத்தின்கீழ் அங்கிருந்தே மனுப் போடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி எண் 15100க்கு அழைக்கலாம். மனுவை அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீதிமன்றத்தில் அப்படி நடக்கும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், வழக்கு முடியும்வரை பாதுகாப்புத் தரும் இடைக்கால உத்தரவைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பரிமளா, அண்டாப்ஹில்:
மாமியாரும் கூடவே வருவேன் என்றால்?

ராஜேஸ்வரி, சயான்:
வரட்டும். பதிவுச் சீட்டு வாங்கியதும் நீங்கள் செவிலியிடம் போய், "இவளைத் தனியாகப் பார்க்க வேண்டும்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். கிழவியை வெளியே பெஞ்சில் உட்கார வைப்பது எங்களுக்குப் பழகிய வேலை.