புதுப்பிப்பு: 1.020-இல் நின்றுபோன என் முதல் பியர்

ஐந்து வாரம் முன் கேட்டிருந்தேன்: லண்டன் வீட்டில் போட்ட 20 லிட்டர் ஏல் பியர் 1.044 அடர்த்தியில் (தண்ணீர் 1.000; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இந்த எண் இறங்கும்) தொடங்கி, 1.020-இல் ஆறு நாளாக நிற்கிறது, குமிழியும் இல்லை, பாட்டிலில் அடைக்கலாமா என்று. வேண்டாம் என்று தடுத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

காரணம் குளிர்தான். வாளி சமையலறைத் தரையில் இருந்தது. ஒட்டிய வெப்பமானி 14 டிகிரி காட்டியது. சர்க்கரையை நொதிக்க வைக்கும் என் ஏல் ஈஸ்டுக்கு 18 முதல் 22 வேண்டும். குளிர்ந்தால் அடியில் படிந்து அடங்கிவிடும். மாடி அறைக்கு மாற்றி, கம்பளி சுற்றி, மூடியைத் திறக்காமல் மெதுவாக ஆட்டிவிட்டேன். திறந்தால் காற்று பட்டுச் சுவை கெடும். இரண்டாம் நாள் மறுபடி குமிழிச் சத்தம். அவ்வளவு சந்தோஷம்! ஐந்தே நாளில் 1.010-க்கு இறங்கியது. அப்புறம் மூன்று நாள் அளந்தும் மாறவில்லை. கணக்குப்படி ஆல்கஹால் சுமார் 4.5 சதவீதம்.

பாட்டிலுக்குள் நுரை உண்டாக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை கரைத்து அடைத்தேன். 1.020-லேயே அடைத்திருந்தால் மிச்சச் சர்க்கரையும் உள்ளே நொதித்து பாட்டில்கள் வெடித்திருக்கும். குழந்தைகள் நடமாடும் வீடு, நினைத்தாலே பதறுகிறது.

நேற்று முதல் பாட்டிலைத் திறந்தேன். நுரை நன்றாக நின்றது, ரொட்டி வாசம். கசப்பு மட்டும் போதவில்லை. அடுத்த முறை கசப்பு தரும் பூவான ஹாப்ஸை ஒரு மணி நேரம் முழுதாகக் கொதிக்கவிடப் போகிறேன்.