ஆயில் கூலர் லைனும் தண்ணீர் லைனும்: மாற்றியவர்களின் அனுபவங்கள்

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2016ஆம் ஆண்டு மாடல் புன்டோ அபார்த். 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ என்ஜின். கம்பெனி கொடுத்த திறன் 145 குதிரைத்திறன். எனக்கு முன் இதை வைத்திருந்தவர் முன்பக்க பம்பருக்குப் பின்னால் காற்றில் குளிரும் ஆயில் கூலர் ஒன்றையும், டர்போ அழுத்தித் தரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு அடுத்த காற்றுக் குழாயில் தண்ணீரைத் தூவலாகத் தெளிக்கும் அமைப்பு ஒன்றையும் பொருத்தியிருந்தார். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு அவ்வப்போது வண்டியைக் கொண்டுபோகிறவன் என்பதால் இரண்டும் எனக்குத் தேவைப்பட்டன. ஆனால் ஆயில் கூலருக்குப் போகும் ஹோஸ் ஒன்றின் முனையில் எண்ணெய் கசியத் தொடங்கியதும், இரண்டு அமைப்புகளின் லைன்களையும் முழுமையாக மாற்றிவிட முடிவு செய்தேன். இவை கம்பெனிப் பொருள்கள் அல்ல. பார்ட் நம்பர் சொல்லிக் கேட்டு வாங்க வழியில்லை. அளவெடுத்து, பொருளின் தன்மை பார்த்து, நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்வில் தெரிந்துகொண்டவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

கழற்றிய பழைய ஹோஸின் மேல் பின்னியிருந்த ஸ்டீல் கம்பி, துடைத்ததும் புதியதைப் போலவே பளபளத்தது. அதை நீளவாக்கில் அறுத்துப் பிளந்தபோது உள்ளே இருந்த கறுப்பு ரப்பர் கண்ணாடியைப் போல் இறுகிப் போயிருந்தது. விரலால் வளைத்தவுடன் குறுக்கே வரிவரியாக வெடித்தது. நகத்தால் சுரண்டினால் துகள் துகளாக உதிர்ந்தது. அந்தத் துகள்கள் கூலரிலிருந்து திரும்பும் பக்கத்தில் எண்ணெயோடு கலந்தால் எங்கே போய்ச் சேரும் என்பதை நினைத்துப் பாருங்கள். கம்பிப் பின்னல் இருக்கும் ஹோஸில் உள்சுவரின் முதுமை வெளியே தெரிவதில்லை என்பதை நான் நேரில் பார்த்தது இப்படித்தான்.

அடுத்ததாக, மண் அள்ளும் இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடை ஒன்றுக்குப் போனேன். நம் மாவட்டத்தில் இத்தகைய கடைகள் பல உண்டு. வேலையும் நேர்த்தியாகவே இருக்கும். கடைக்காரர் ஒரு ஹோஸைக் கையில் எடுத்து, "அண்ணே, இது நூறு பாருக்கு மேல தாங்கும், உங்க காருக்கு என்ன பயம்?" என்றார். பார் என்பது அழுத்தத்தின் அளவு. அவர் சொன்னது உண்மைதான். ஆனால் காரின் ஆயில் லைனில் அழுத்தம் ஒரு பொருட்டே அல்ல. எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது என்ஜினை முடுக்கினாலும் பத்துப் பாரைத் தாண்டுவது அரிது. நாம் கேட்க வேண்டியது எத்தனை பார் என்பதை அல்ல, எத்தனை டிகிரி என்பதைத்தான். ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் எஸ்.ஏ.இ. 100ஆர்1 (எஸ்.ஏ.இ. என்பது வாகனப் பொறியாளர் சங்கத்தின் தர வரிசை) என்ற வகை, நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. அதன் மேல்வரம்பு பொதுவாக 100 டிகிரி செல்சியஸ். டிராக்கில் தொடர்ந்து ஓட்டும்போது என் வண்டியின் எண்ணெய் 120 டிகிரியைத் தொடுவது சாதாரணம். பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றங்களில் இரண்டாவது கியரில் டர்போ அழுத்தத்தோடு ஏறும்போதும், வேகம் குறைவாக இருப்பதால் கூலருக்குக் காற்றுப் போதாமல் வெப்பம் ஏறும். அந்த நிலையில் நைட்ரைல் ரப்பர் உடனே வெடித்துவிடாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போய், நான் பிளந்து பார்த்த நிலைக்கு வந்து நிற்கும்.

ஆகவே உள்சுவர் பிடிஎஃப்இயால் (டெஃப்லான் என்று நாம் அறிந்த பிளாஸ்டிக்) ஆன, எஸ்.ஏ.இ. 100ஆர்14 வகை ஹோஸைத் தேர்ந்தெடுத்தேன். இதன் மேல்வரம்பு 204 டிகிரி செல்சியஸ். இது எண்ணெயில் ஊறுவதில்லை, ரப்பரைப் போல் முதுமையும் அடைவதில்லை. இதற்கென ஒரு குறை உண்டு: விறைப்பாக இருக்கும். குறிப்பிட்ட ஆரத்துக்கும் கீழே வளைத்தால் உள்குழாய் மடிந்துவிடும். மடிந்த இடத்தை நிமிர்த்திவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. வளைவு தேவைப்படும் இடங்களில் ஹோஸை வளைப்பதை விட 45 அல்லது 90 டிகிரி வளைந்த ஃபிட்டிங்குகளை (ஹோஸின் முனையில் மாட்டும் இணைப்புகள்) போடுவதே சரி. இன்னொன்று, பிடிஎஃப்இ ஹோஸுக்கான ஃபிட்டிங்கும் ரப்பர் ஹோஸுக்கான ஃபிட்டிங்கும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றல்ல. முன்னதில் கம்பிப் பின்னலுக்கும் உள்குழாய்க்கும் இடையே ஒரு சிறு வளையம் நுழைந்து பிடிக்கும். ஒன்றை மற்றொன்றில் மாட்டி இறுக்கினால் முதல் நாளில் எதுவும் தெரியாது. சூடும் அழுத்தமும் ஏறி இறங்கியபின் ஹோஸ் கழன்று வரும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஹோஸ்களுக்கும் ஃபிட்டிங்குகளுக்கும் வழங்கும் ஏ.என். அளவு முறையில் வரும் எண், அதற்கு இணையான உலோகக் குழாயின் வெளிவிட்டம் அங்குலத்தில் எத்தனை பதினாறில் பாகம் என்பதைக் குறிக்கிறது. 10 என்றால் பதினாறில் பத்து, அதாவது 5/8 அங்குலம். எட்டாம் எண் ஹோஸின் உள்விட்டம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர், பத்தாம் எண்ணுக்கு ஏறத்தாழ 14. வித்தியாசம் சிறிதாகத் தோன்றினாலும், கெட்டியான குளிர் எண்ணெய் ஓடும்போது ஏற்படும் அழுத்த இழப்பு விட்டத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதமாக மாறுவதால், பெரிய ஹோஸில் அந்த இழப்பு இரண்டரை மடங்குக்கு மேல் குறைகிறது. என்ஜின் சிறியது என்று எட்டையே பலர் பரிந்துரைத்தார்கள். நான் பத்தையே போட்டேன், அதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை.

மரைகளில் மிகுந்த கவனம் வேண்டும். பத்தாம் எண் ஃபிட்டிங்கின் மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி, விட்டம் 22.2 மில்லிமீட்டர். ஆயில் கூலர்களில் பரவலாகக் காணப்படும் மெட்ரிக் மரை 22 மில்லிமீட்டர், புரிக்குப் புரி 1.5 மில்லிமீட்டர். இரண்டும் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று ஒன்றினுள் ஒன்று போகும், பிறகு இறுகும். அந்த இறுக்கத்தைச் சரியான பிடிப்பென்று எண்ணி ஸ்பானரால் தள்ளினால் கூலரின் அலுமினிய மரை சிதைந்துவிடும். புரி அளக்கும் கேஜ் எந்த லேத் பட்டறையிலும் இருக்கும். அதை வைத்துப் பார்த்த பிறகே அடாப்டர் வாங்க வேண்டும்.

இனி தண்ணீர் லைன். பல நாடுகளில் தண்ணீரோடு சரிபாதி மெத்தனால் கலந்து தெளிக்கிறார்கள். 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரிலேயே இத்தகைய கலவைதான் பயன்பட்டது. தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். அது வேண்டும் என்றே நான் கருதுகிறேன். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை நாம் மறக்க முடியாது. எனவே நான் வெறும் டிஸ்டில்டு வாட்டரையே பயன்படுத்துகிறேன். 2016இல் வந்த பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் காரும் வெறும் தண்ணீரைத்தான் தெளித்தது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,257 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. மெத்தனால் அதில் பாதியளவுதான். காற்றைக் குளிர்விப்பதே நோக்கமென்றால் தண்ணீரில் குறையொன்றும் இல்லை.

பம்ப் பத்துப் பார் அளவில் தள்ளுகிறது. டிக்கியில் உள்ள டேங்கிலிருந்து என்ஜின் அறையின் தடுப்புச் சுவர் வரை கறுப்பு நைலான் 12 குழாயையும், அங்கிருந்து நீரைத் தூவும் நாசில் வரை பிடிஎஃப்இ குழாயையும் போட்டேன். நைலானின் அழுத்தத் தாங்குதிறன் 20 டிகிரிக்கு எழுதப்பட்டிருக்கும். வெப்பம் ஏற ஏற அது பெருமளவு குறையும் என்பதால் டர்போவின் பக்கத்தில் அதை விடவில்லை. காற்றுக் கருவிக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நீல நிறப் பாலியூரித்தேன் குழாய் வளைக்க வசதியானதுதான், ஆனால் அதில் பல வகைகள் சூடான நீரில் நாளடைவில் சிதைந்துபோகும். இந்த வேலைக்கு ஏற்றதல்ல.

வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு வெர்னியர் கொண்டுபோவது நல்லது. பழைய ஃபிட்டிங்குகள் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் குழாய்க்கானவை. கடையில் கொடுத்த குழாய் 6 மில்லிமீட்டர். அழுத்தியதும் உள்ளே போய் "டக்" என்று பிடித்தது. இழுத்துப் பார்த்தபோதும் வரவில்லை. ஆனால் பம்பை ஓடவிட்டதும் ஓரத்தில் நீர் முத்து முத்தாகத் துளிர்த்தது. 4 மில்லிமீட்டருக்கும் 5/32 அங்குலத்துக்கும் வித்தியாசம் மிகச் சொற்பம், ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம்; 6க்கும் கால் அங்குலத்துக்கும் அப்படிச் செய்ய முடியாது. குழாய், ஃபிட்டிங், நாசில், நீரை ஒரு திசையில் மட்டும் விடும் திரும்பாத வால்வு எல்லாவற்றையும் ஒரே அளவு முறைக்கு மாற்றிய பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. என்ஜின் டியூனிங் தண்ணீரை நம்பிச் செய்யப்பட்டிருந்தால், லைன் ஒன்று கழன்ற அந்த நொடியிலேயே நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து என்ஜின் தட்டுவது) தொடங்கும். நீரோட்டம் குறைந்தால் டர்போ அழுத்தத்தைத் தானாகவே இறக்கும் சென்சார் இல்லாமல் இந்த அமைப்பை யாரும் ஓட்ட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

*குலசேகரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:*

எங்கள் வீட்டில் ரப்பர்த் தோட்டம் உண்டு. பால் வெட்டு, ஷீட் அடிப்பு எல்லாவற்றையும் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி என்ஜின் ஆயிலில் போட்டு வைத்தால் ஊதிப் பெருத்து, பிசைந்த மாவைப் போல் ஆகிவிடும். ரேடியேட்டர் ஹோஸ்களில் பயன்படும் இபிடிஎம் ரப்பரும் அப்படித்தான். வெந்நீருக்கும் கூலன்ட்டுக்கும் அதை விஞ்ச எதுவும் இல்லை, ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். "நல்ல கனமான ரப்பர், ஒன்றும் ஆகாது" என்று சொல்லி, அச்சு எதுவும் இல்லாத ஹோஸை ஆயில் லைனுக்குக் கொடுத்த இடத்தை எனக்குத் தெரியும்.

அத்தகைய ஹோஸை வாங்கும் முன், விரல் நீளத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் சுவர்க் கனத்தை வெர்னியரால் அளந்து குறித்துக்கொண்டு, சூடாக்கிய என்ஜின் ஆயிலில் சில நாட்கள் ஊறவைத்து மறுபடியும் அளந்து பார்ப்பது என் வழக்கம். கனம் கூடியிருந்தாலோ, மேற்பரப்பு பிசுபிசுத்தாலோ அதை வாங்குவதில்லை. இந்தச் சோதனையில் தேறுவதால் மட்டும் 120 டிகிரியில் அது பல ஆண்டுகள் உழைக்கும் என்று சொல்லிவிட முடியாது. தகாததை ஒதுக்கவே இது உதவும். மற்றபடி ஹோஸின் மேல் வகை எண்ணும், தயாரித்த காலாண்டும் ஆண்டும் அச்சாகி இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

*குளச்சலிலிருந்து ஓர் உறுப்பினர்:*

விசைப்படகு என்ஜின் வேலை செய்கிறவன் என்ற முறையில் உப்புக்காற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு, குறிப்பாக ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் கடலிலிருந்து காற்று வீசும் காலத்தில், ஹோஸை விட ஃபிட்டிங்கே முதலில் கெடும். ஸ்டீல் பின்னலும் அலுமினிய ஃபிட்டிங்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் தங்கினால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகும். சிவப்பும் நீலமுமாக வரும் அந்த அனோடைஸ் பூச்சு, ஸ்பானர் பட்டுக் கீறிய இடத்தில் காக்காது. பிறகு கழற்ற நினைத்தால் நட் திரும்பாமல் கூலரின் முனையே திருகிக்கொண்டு வரும். எடை கூடினாலும் ஸ்டெயின்லெஸ் ஃபிட்டிங்கையோ முலாம் பூசிய ஸ்டீல் ஃபிட்டிங்கையோ போடுங்கள். கூலரின் அலுமினிய முனையில் மட்டும், மரை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவி, இரண்டு ஸ்பானர் வைத்து இறுக்குங்கள். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னலில் தேநீர் நிறத்தில் படியும் கறை மேலோட்டமானது, அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஹோஸைப் பிடிக்கும் ஃபிட்டிங் காலரின் விளிம்பில் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து நிற்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

பின்னல் போட்ட ஹோஸ் எதன் மேல் உரசினாலும் அதை அரம்போல் அறுத்துவிடும். ரேடியேட்டர், ஏசி குழாய், வயர் கட்டு எதன் பக்கத்திலும் ரப்பர் உறையுள்ள கிளாம்ப் இல்லாமல் அதை விடக் கூடாது.

*மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கேள்வி:*

என் வண்டியில் பேரிங் போய் என்ஜின் பிரித்து வேலை நடக்கிறது. லைன்களை மாற்றிவிட்டு, பழைய கூலரைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவிப் போட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். மேலும், நம் ஊரில் குளிரே இல்லாததால், எண்ணெய் சூடேறிய பிறகே அதைக் கூலருக்கு விடும் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்கிறார். உங்கள் கருத்து என்ன?

*நாகர்கோவில், மறுமொழி:*

கூலரைக் கண்டிப்பாக மாற்றுங்கள். அதன் குறுகிய வழிகளுக்குள் சிக்கிய பேரிங் துகள்கள் எத்தனை முறை கழுவினாலும் முழுமையாக வெளிவரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. புதிதாகக் கட்டிய என்ஜினில், சூடான எண்ணெய் வேகமாக ஓடும் முதல் பயணத்திலேயே அவை வெளியே வரலாம். பழைய லைன்களையும் இதே காரணத்துக்காகத் தூக்கிப் போட வேண்டும்.

தெர்மோஸ்டாட் தேவைதான். எண்ணெயில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக அது நன்றாகச் சூடேற வேண்டும். மழை பெய்யும் காலையில் மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை வரை மட்டும் போய் வருகிற வண்டியில், எண்ணெய் முழுவதும் எப்போதும் கூலர் வழியாகவே சுற்றினால் அந்தச் சூடு வராது. 80 டிகிரி அளவில் திறக்கும் தெர்மோஸ்டாட்டோடு கூடிய சாண்ட்விச் தட்டை (என்ஜினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவே பொருந்துவது) வாங்குங்கள். உங்கள் ஃபில்டரின் மரை எது என்பதை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.

தண்ணீர் அமைப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று: மெத்தனால் இல்லாத வெறும் நீரில் பாசி பிடிக்கும். வெளிச்சம் புகாத டேங்கையும் கறுப்புக் குழாயையும் பயன்படுத்துங்கள். சில வாரங்கள் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் நீரை வடித்துவிடுங்கள். போர் தண்ணீரை ஒருபோதும் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள உப்பு நாசிலின் நுண்துளையில் படிந்து அடைத்துவிடும். நாசில் த்ராட்டிலுக்குப் பின்னால் இருந்தால், ஐடிலில் உண்டாகும் வெற்றிடம் டேங்கிலிருந்து நீரை உறிஞ்சிவிடும் என்பதால், திரும்பாத வால்வை மட்டும் நம்பாமல் நாசிலுக்கு அருகில் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலினாய்டு வால்வும் போட வேண்டும்.

புதிய ஆயில் லைன்களைப் பொருத்தும் முன் ஹோஸ் கடையிலேயே கை பம்பில் எண்ணெய் நிரப்பி 20 பார் வரை ஏற்றி, கால் மணி நேரம் வைத்துப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். பொருத்தியபின் ஹோஸின் இரு முனைகளிலும் பெயின்டால் ஒரு நேர்க்கோடு இட்டு வையுங்கள். ஃபிட்டிங் தளர்ந்தாலோ ஹோஸ் முறுக்கினாலோ, பானெட்டைத் திறந்தவுடன் கோடு விலகியிருப்பது தெரியும்.