அணுக்கருவுக்கு நிஜமாகவே வடிவம் உண்டா, நம் கணக்கில் மட்டும்தானா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
எர்பியம் என்ற உலோகத்தின் ஒரு வகையான எர்பியம்-166இன் அணுக்கரு உருண்டையாக இல்லாமல் நீண்டிருக்கிறது என்று காலாப்பட்டில் படிக்கும் தம்பி ஒருவர் நேற்று அடித்துச் சொல்லியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. அதன் தாழ்நிலையில், அதாவது ஆற்றல் மிகக் குறைந்த நிலையில், தற்சுழற்சி (கருவின் மொத்தச் சுழற்சியைச் சொல்லும் எண்) பூஜ்யம். அப்படிப்பட்ட நிலைக்கு எந்தத் திசையும் விசேஷம் கிடையாது. கருவின் மின்னூட்டம் கோளத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் நான்முனைத் திருப்புத்திறனை அளந்தால் பூஜ்யம்தான் வரும். பிறகு நீளம் எங்கிருந்து வந்தது? 1955இல் நில்சன் என்ற இயற்பியலாளர், கருவின் துகள்களை அடைத்துவைக்கும் நீண்ட நிலையாற்றல் குழி ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார், விடை நன்றாகப் பொருந்தியது. அதற்காகக் குழியின் வடிவத்தைக் கருவின் தலையில் ஏற்றலாமா?

காலாப்பட்டு மாணவன்:
தாழ்நிலையோடு நின்றுவிட்டால் எப்படி சார்? அடுத்த நிலைகளையும் பாருங்கள். எர்பியம்-166இல் தற்சுழற்சி 2 உள்ள நிலை 80.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது, 4 உள்ளது 265இல். விகிதம் 3.29. விறைப்பான ஒரு பொருள் சுழன்றால் ஆற்றல், தற்சுழற்சியை அதற்கடுத்த எண்ணால் பெருக்கியபடி 2×3, 4×5 என்று ஏறும். அதாவது 6க்கு 20, விகிதம் 3.33. இவ்வளவு நெருக்கம் தற்செயலா? முழுக் கோளத்தை எப்படித் திருப்பினாலும் அதே நிலைதான், அதற்குச் சுழற்சி மட்டங்களே கிடையாது. ஈயம்-208ஐ எடுங்கள், அது கோளம். தாழ்நிலைக்கு மேலே அதன் முதல் கிளர்ச்சி நிலையே 2614 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில்தான் தொடங்குகிறது. கல்பாக்கம் பக்கத்துக் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது, அது படிப்படியாகச் சிதைந்து கடைசியில் ஈயம்-208 ஆகும். அந்த மணலைக் காமா அளவியில் வைத்தால் கடைசியில் தனியாக நிற்கிற கோடு இதுதான்.

லாஸ்பேட்டை:
குழியை யாரோ கையால் நீட்டினார்கள் என்பது பழைய கதை. இப்போதைய சராசரிப் புலக் கணக்குகளில் (ஒவ்வொரு துகளும் மற்றவை சேர்ந்து உண்டாக்கும் சராசரி விசையில் நகர்வதாகக் கொள்பவை) நியூக்ளியான்களுக்கு, அதாவது புரோட்டான் நியூட்ரான்களுக்கு, இடையேயான விசையைத்தான் கொடுக்கிறோம். எந்த வடிவத்தில் ஆற்றல் குறைவு என்று கணக்கே தேடிக் கண்டுபிடிக்கிறது. ஈயம்-186இல் ஆற்றல் குறையும் மூன்று பள்ளங்கள் விழுகின்றன: கோளம், தட்டை, நீளம். 2000இல் வெளியான சோதனையில் தற்சுழற்சி பூஜ்யமான மூன்று நிலைகள் 650 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள்ளேயே கிடைத்தன.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
அந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துதானே இருக்கின்றன? இது தட்டை, இது நீளம் என்று பெயர் ஒட்டுவது நீங்கள்தான். அந்த விசையின் எண்களையும் சோதனைக்குப் பொருந்தும்படி சரிசெய்துதானே வைத்திருக்கிறீர்கள்! எர்பியம்-166 நீண்டது மட்டுமல்ல, அதன் மூன்று அச்சுகளும் மூன்று அளவு என்று ஜப்பானில் ஒட்சுகா என்ற இயற்பியலாளரின் குழுவினர் இப்போது வாதாடுகிறார்கள். எழுபது வருஷமாகப் பாடப்புத்தக உதாரணமாக இருந்த கருவுக்கே இந்த நிலை.

காலாப்பட்டு மாணவன்:
கலப்பையும் அளக்கலாம் சார். நிலைகளுக்கு இடையேயான மின் நான்முனைத் தாவல்களின் (கரு ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒரு வகை) வலிமையை அளந்து கூட்டினால், எந்த மாதிரியையும் நம்பாமல் உருக்குலைவின், அதாவது கோளத்திலிருந்து விலகலின், அளவு கிடைக்கும். 1972இல் குமார் என்ற இயற்பியலாளர் காட்டிய வழி இது. தாழ்நிலையில் தற்சுழற்சி பூஜ்யமானாலும் இந்தக் கூட்டுத்தொகை பூஜ்யமாவதில்லை. மூன்று அச்சுச் சண்டைக்கும் இதே வழிதான். எர்பியத்தில் 786 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தற்சுழற்சி 2 உள்ள இன்னொரு நிலை இருக்கிறது. அங்கிருந்து தாழ்நிலைக்கு வரும் காமா கதிர் எவ்வளவு வலுவானது என்பதை வைத்துத்தான் இரண்டு தரப்பும் வாதாடுகின்றன.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
அந்தக் கூட்டுத்தொகையை ஏற்கிறேன், அது அளந்த எண். அதை 'உருக்குலைவு' என்று சொல்லுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் பலகையில் நீண்ட கருவை வரைந்து 'இதுதான் எர்பியம்' என்று பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன்.

லாஸ்பேட்டை:
வரையுங்கள் சார், பக்கத்திலேயே 80.6, 265 இரண்டையும் எழுதிவிடுங்கள். வகுத்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியும்.